டோக்கன் நம்பர் என்ன?

அண்ணன் போய் எட்டு மாதம் ஆன பிறகு அண்ணி பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, உங்க அண்ணன் பேர்ல ஏதோ மடல் வந்திருக்கு. மாசக் கடைசியில எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம்."

எதை அழிப்பார்கள் என்று எனக்கு உடனே புரிந்தது. அண்ணன் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சின்னதாக ஓர் இணையதளம் வைத்திருந்தார். வெளியாருக்கு அல்ல, குடும்பத்துக்கு மட்டும். நைனாவின் சர்வீஸ் காகிதங்கள், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டுப் படங்கள், மாரிக்குப்பம் ஸ்டேஷனில் எடுத்த கல்யாணப் படங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தாத்தா பேசிய கேசட்டுகள். 1984-ல் அண்ணன் ஒரு டேப் ரெக்கார்டரைத் தாத்தா முன்னால் வைத்துப் பேச விட்டிருந்தார். மொத்தம் ஏழு கேசட். அவற்றை வெட்டிப் பிரித்து ஒலிக்கோப்புகளாக ஏற்றியிருந்தார். வழங்கி வாடகை கட்ட ஆள் இல்லாததால் மாதக் கடைசியோடு எல்லாம் போய்விடும். கையில் ஒன்பது நாள் இருந்தது.

நான் இருப்பது பெர்த்தில். பிழைப்பு, வழங்கிகளைக் கட்டி மேய்ப்பது. "ஒண்ணும் கவலைப்படாதீங்க அண்ணி, ஒரே வரிக் கட்டளையில எல்லாம் இறங்கிடும்" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அண்ணனின் டைரியிலிருந்து பெயரையும் கடவுச்சொல்லையும் அண்ணி வாசித்தார். கடவுச்சொல் வெறும் எண். இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. அது நைனாவின் டோக்கன் நம்பர்.

கே.ஜி.எஃப். என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு சினிமாப் பெயர். எங்களுக்கு அது ஷாஃப்டும் சங்குச் சத்தமும் சயனைடு மண்மேடும். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்துக்குள் வந்த சுரங்கங்கள், 1956-ல் மைசூர் அரசிடம் போய், 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆகி, 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. மூடும்போது சாம்பியன் ரீஃப் ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல். அந்த ஆழத்துக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. டைம் ஆபீஸ் ஜன்னலில் நம்பரைச் சொன்னால்தான் அன்றைய நாள் கணக்கில் ஏறும். மேலே வரும்போது அதே நம்பர் திரும்பி வராவிட்டால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். 'ஏர் பிளாஸ்ட்' அடித்த நாட்களில் (பாறை வெடிப்பை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தது டோக்கன் பலகையைத்தான். நைனா தன் பெயரை மறந்தாலும் நம்பரை மறக்கமாட்டார். அண்ணனும் மறக்கவில்லை போல. (பாதுகாப்பு ஆள் என்ற முறையில் சொல்கிறேன், இது மோசமான கடவுச்சொல். தம்பி என்ற முறையில் ஒன்றும் சொல்ல வாயில்லை.)

சரி, கட்டளை வரிக்கு வருவோம். இணையத்தில் இருப்பதை உலாவி இல்லாமல் தரவிறக்க இரண்டு கருவிகள் பிரபலம். ஒன்று டபிள்யூகெட். குரோஷியாக்காரரான ஹர்வோயே நிக்‌ஷிச் 1996-ல் வெளியிட்டது. இன்னொன்று கர்ல். ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பர்க், அரட்டை அறையில் நாணய மாற்று விகிதம் சொல்லும் ஒரு நிரலுக்காக, பிரேசிலைச் சேர்ந்த ரஃபேல் சகுலா எழுதிய குட்டி நிரலை எடுத்து வளர்த்தார். 1998 மார்ச்சில் அதற்குக் கர்ல் என்று பெயர் வந்தது. இரண்டும் இலவசம், இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

கடவுச்சொல் போட்ட பக்கத்தை இந்தக் கருவி கேட்டால் என்ன நடக்கும்? வழங்கி 401 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். 'நீ யார்?' என்று அதற்கு அர்த்தம். கூடவே இரண்டு தகவல் தரும். எந்த முறையில் அடையாளம் காட்டவேண்டும் என்பது ஒன்று. இது எந்தப் பகுதியின் வாசல் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை 'ரெல்ம்' என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சாம்பியன் ரீஃப் டோக்கனோடு நந்திதுர்க் வாசலில் நின்றால் கேஜில் ஏற்றமாட்டார்கள்.

முதலில் வந்த முறைக்குப் பெயர் 'பேசிக்'. பெயருக்கேற்ற எளிமை. பெயரையும் கடவுச்சொல்லையும் நடுவில் ஒரு முக்காற்புள்ளி வைத்து ஒட்டி, பேஸ்64 என்ற எழுத்துமாற்றத்தில் போட்டு அனுப்பவேண்டும். பார்க்க ரகசியக் குறி மாதிரி இருக்கும், ஆனால் ரகசியம் கிடையாது. எந்தப் பள்ளிப் பிள்ளையும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். 1996 மே மாதம் வந்த ஆர்.எஃப்.சி. 1945 இதை விவரித்து, இது பாதுகாப்பான முறை அல்ல என்றும் அதிலேயே சொல்லிவிட்டது. அதில் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கும் பெயர் அலாவுதீன், கடவுச்சொல் 'திறந்திடு சீசேம்'. அந்த மந்திரம் அலிபாபாவுடையது என்று எம்.ஜி.ஆர். படம் பார்த்த நம் வீட்டு ஆத்தாக்களுக்குக் கூடத் தெரியும். உலகமே பின்பற்றும் ஆவணத்தில் ஆள் மாறிவிட்டது!

அடுத்து 1997 ஜனவரியில் 'டைஜஸ்ட்' வந்தது, 1999 ஜூனில் ஆர்.எஃப்.சி. 2617-ல் திருத்தப்பட்டது. இதில் கடவுச்சொல் கம்பியில் போகாது. வழங்கி புதிதாக ஓர் எண்ணைக் கொடுக்கும். கருவி அதைக் கடவுச்சொல்லோடும் கேட்கிற முகவரியோடும் சேர்த்து அரைத்து, வந்த மாவை மட்டும் அனுப்பும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நல்ல யோசனைதான், ஆனால் பரவவில்லை. பின்னால் முழு இணைப்பையும் மூடி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். எல்லா இடத்திலும் வந்துவிட்டதால், அதற்குள் பேசிக் போனாலும் வழியில் யாரும் படிக்க முடியாது என்றாகிவிட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கடவுச்சொல்லை எப்போது காட்டுவது?

நீங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துக் கர்லை ஏவினால், முதல் வேண்டுகோளிலேயே அதை நீட்டிவிடும். வாசல்காரன் கேட்கும்வரை காத்திருக்காது. ஒரு போக்குவரத்து மிச்சம். கேட்ட பிறகு, கேட்ட முறையில் காட்டு என்று நாம் தனியாகச் சொல்லவேண்டும். டைஜஸ்டோடு சேர்ந்து அந்த வசதி கர்லுக்கு 2003-ல்தான் வந்தது. டபிள்யூகெட்டும் முன்பெல்லாம் பேசிக் விவரத்தைக் கேட்காமலே காட்டிக்கொண்டுதான் இருந்தது. 2008 ஜனவரியில் வந்த 1.11 பதிப்பில் மாற்றினார்கள். முதலில் வெறுங்கையோடு போ, 401 வந்தால் மட்டும் எடுத்துக் காட்டு என்று. பழைய பழக்கமே வேண்டும் என்பவர்களுக்கு 'ஆத்-நோ-சேலஞ்ச்' என்று ஒரு விருப்பம் இருக்கிறது. கையேடே அதைப் பரிந்துரைக்கவில்லை.

இரண்டு கருவிகளுக்கும் இரண்டு சுபாவம் என்று நான் நினைத்துக்கொள்வேன். கர்லுக்கு நாம் ஒரு முகவரியைக் கையால் எழுதித் தருகிறோம். எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். டபிள்யூகெட் அப்படியல்ல. ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அதில் உள்ள சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றும். ஊர் சுற்றுகிறவன் சட்டைப்பையில் உள்ளதைப் பார்க்கிறவரிடமெல்லாம் காட்டக் கூடாது. "டோக்கனைக் கேட்டவன்கிட்ட மட்டும் காட்டு, கேக்காதவன்கிட்ட காட்டினா அவன் நம்பரைக் குறிச்சுக்குவான்" என்று நைனா சொல்வார். சுரங்கத்தில் நம்பரைக் குறித்துக்கொள்வது நல்லதுக்கு இருக்காது.

இவ்வளவு கவனமாக இருந்தும் சறுக்கல்கள் உண்டு. ஒரு வழங்கி 'அங்கே போ' என்று வேறு வழங்கிக்குத் திருப்பிவிட்டால், நாம் கையால் எழுதிக்கொடுத்த அடையாள வரியையும் கர்ல் அந்தப் புது இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. 2018 ஜனவரியில் அடைத்தார்கள். டபிள்யூகெட், இறக்கிய கோப்பின் மறைவான குறிப்புகளில் அதன் முழு முகவரியையும் எழுதிவைத்தது. முகவரிக்குள்ளேயே கடவுச்சொல்லை வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பதிந்துவிடும். அதையும் 2018-ல்தான் கண்டுபிடித்தார்கள். இன்னொன்று நாமே செய்யும் தப்பு. கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதினால், அந்த நேரம் அதே கணினியில் இருக்கும் வேறொருவர் ஓடும் நிரல்களைப் பட்டியலிட்டாலே தெரிந்துவிடும். அதனால்தான் பெர்க்லி யூனிக்ஸ் காலத்து 'நெட்ஆர்சி' கோப்பு இன்றும் பிழைத்திருக்கிறது. கடவுச்சொல்லை அதில் எழுதி, நம்மைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டால் இரண்டு கருவிகளும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

படங்கள் இருந்த பகுதிக்கு அண்ணன் பேசிக் வாசல்தான் வைத்திருந்தார். டபிள்யூகெட்டை ஏவினேன். 401 வந்தது, காட்டியது, திறந்தது. விடிவதற்குள் படங்கள் அத்தனையும் இறங்கிவிட்டன. பிறகு ஒலிக்கோப்புகள். அவையும் சடசடவென்று இறங்கின, 96 கோப்பு. ஒரு பிழைச் செய்தி இல்லை. அண்ணியைக் கூப்பிட்டு முடிந்தது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் எல்லாக் கோப்பும் ஒரே அளவு. நான்கு கிலோபைட். அரை மணி நேரப் பேச்சு நான்கு கிலோபைட்டில் எப்படி அடங்கும்? ஒன்றைத் திறந்தேன். 'பயனர் பெயர், கடவுச்சொல்' என்று கேட்கும் பக்கம். 96-ம் அதே பக்கம்.

இங்கேதான் வரலாறு வேறு பாதையில் திரும்பியது. உலாவியில் 401-க்கு எழும்பும் சாம்பல் நிறப் பெட்டி யாருக்கும் பிடிக்கவில்லை. கம்பெனிகளுக்குத் தங்கள் சின்னம் போட்ட அழகான நுழைவுப் பக்கம் வேண்டியிருந்தது. நெட்ஸ்கேப்பில் லூ மோன்டூலி 1994-ல் 'குக்கி' என்ற ஒன்றை உருவாக்கியிருந்தார். ஒரு முறை படிவத்தில் கடவுச்சொல்லைக் கொடு, பதிலுக்கு ஒரு சீட்டுத் தருகிறேன், அப்புறம் ஒவ்வொரு தடவையும் சீட்டை மட்டும் காட்டு என்பது ஏற்பாடு. இதில் வாசல் என்று சொல்லப்படும் ஒன்றே கிடையாது. சீட்டு இல்லாமல் போனால் வழங்கி 'நீ யார்?' என்று கேட்காது. 'வாங்க வாங்க, எல்லாம் சரி' என்று 200 என்ற எண்ணைச் சொல்லி, கேட்ட பாட்டுக்குப் பதிலாக நுழைவுப் பக்கத்தைக் கையில் திணிக்கும். மனிதனுக்குப் பார்த்தால் புரியும். கருவிக்கு 200 என்றால் வெற்றி. 96 தடவை அது வெற்றி பெற்றது.

டபிள்யூகெட்டுக்குப் படிவம் அனுப்பும் வசதி 2003-ல் 1.9 பதிப்பில் வந்தது. முதலில் படிவத்தை அனுப்பு, வரும் குக்கியைக் கோப்பில் சேமி, அடுத்த கட்டளையில் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு போ. அப்படியே செய்தேன். குக்கிக் கோப்பு காலி! தேதி குறிக்காத குக்கிகளை, உலாவியை மூடினால் மறைபவை என்று கருதி, டபிள்யூகெட் எழுதிவைக்காது. அவற்றையும் வை என்று தனியாகச் சொல்லவேண்டும். சொன்னேன். அப்போதும் உள்ளே விடவில்லை. நுழைவுப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் இருந்தது. வேறு தளத்திலிருந்து யாரும் நம் பெயரில் படிவம் அனுப்பாமல் தடுக்க, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொடுத்து, திரும்பக் கேட்கும் எண். அதற்கு எங்கள் தொழிலில் பெயர் என்ன தெரியுமா? டோக்கன். ராத்திரி ஒரு மணிக்குத் தனியாகச் சிரித்தேன். வீட்டுக்காரி எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

டோக்கனைப் பிய்த்து எடுத்து, சேர்த்து அனுப்பி, உள்ளே போயாயிற்று. ஒன்பது கோப்பு ஒழுங்காக இறங்கியது. பத்தாவதிலிருந்து மறுபடி நான்கு கிலோபைட். காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போனது. பக்கத்தின் மூலையில் 'வெளியேறு' என்று ஒரு சுட்டி. ஊர் சுற்றும் டபிள்யூகெட் அதையும் ஒரு பக்கம் என்று நினைத்து மிதித்து, தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொண்டது. அந்த முகவரியைத் தொடாதே என்று ஒரு விலக்கு போட்டேன். ஏழாம் நாள் இரவு 96 கோப்பும் முழுதாக வந்து சேர்ந்தன. இந்த முறை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அண்ணியைக் கூப்பிட்டேன்.

41-வது கோப்பில் தாத்தா 1930-ஐப் பற்றிப் பேசுகிறார். நான் முன்பு கேட்டதில்லை.

அந்த வருடம் நிர்வாகம் தொழிலாளர்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தது. எல்லோரும் கைரேகை வைக்கவேண்டும். ஒரு சுரங்கத்தில் சீட்டுக் கிழிந்தவன் இன்னொரு பெயரில் அடுத்த சுரங்கத்தில் சேர்ந்துகொள்வான், அதைத் தடுக்கத்தான் என்கிறார் தாத்தா. ஆயிரக்கணக்கில் வேலை நிறுத்தினார்கள். மூன்று வாரம் போல சுரங்கங்கள் நின்றன. தொழிற்சங்கம் என்ற ஒன்று சட்டப்படி அங்கே இல்லாத காலம் அது.

ரேகை வைக்க ஏன் இவ்வளவு கோபம் என்று இப்போது தோன்றலாம். அந்தக் காலத்தில் ரேகை போலீஸ் சமாசாரம். உலகின் முதல் கைரேகைக் காப்பகம் 1897-ல் கல்கத்தாவில் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டவர்கள் அஜிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும், பெயர் வாங்கியது அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றி. அங்கிருந்து 1901-ல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போயிற்று. திருடனைப் பிடிக்கும் வித்தை. இன்னொரு தங்க பூமியான டிரான்ஸ்வாலில் இந்தியர்களிடம் ரேகை கேட்டபோதுதான் காந்தி எதிர்த்து நின்றார். 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மசூதி வாசலில் 2,000-க்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். பாதிப் பேர் சேரியிலிருந்து வந்த எங்கள் ஊரில், ஊரில் பட்ட பெயர்களை விட்டுவிட்டுப் புதிதாகப் பிழைக்க வந்தவர்களிடம், திருடன் கையை நீட்டுவது போல நீட்டு என்றால் எப்படி இருந்திருக்கும்?

அண்ணனின் இளம் குரல் கேட்கிறது: "நம்பர் குடுத்தா வாங்கிக்கிட்டீங்க, ரேகை மட்டும் ஏன் தாத்தா வேணாம்னீங்க?"

"நம்பர் அவன் குடுத்தது. வேலைய விட்டா அவன்கிட்டயே வீசிட்டு வந்துடலாம். ரேகை எங்கம்மா குடுத்ததுடா. அதை எங்க வீசறது?"

கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம், விரல் களவு போனால் மாற்ற முடியாது என்பதை எங்கள் துறையில் கருத்தரங்கம் போட்டுப் பேசுகிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷர் கேசட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா இப்போது ராபர்ட்சன்பேட்டையில் அரிசி வாங்க விரல் வைக்கிறார். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். மூன்று தடவை வைத்தால் ஒரு தடவை எடுக்கும். இதைத் தாத்தாவிடம் யார் சொல்வது?

ஒலிக்கோப்புகளை ஒரு சின்ன வன்தட்டில் போட்டு அண்ணிக்கு அனுப்பினேன். தொழில் பழக்கத்தில், "பாஸ்வேர்டு போட்டுப் பூட்டட்டுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"போடுங்க. ஆனா நம்பர் மாத்தாதீங்க தம்பி."